வீட்டில் கட்டும் ஸ்போர்ட்ஸ் காருக்கு எந்தப் பொடி?

தம்பி, நீங்கள் மூன்று படங்களைப் போட்டு இதில் எது திறம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஒன்று கோப்ரா, மட்காட் புடைத்த திறந்த கார். மற்றது லோட்டஸ் செவன், தட்டைப் பக்கம் வைத்த சின்னத் திறந்த கார். மூன்றாவது, எஞ்சின் நடுவில் இருக்கிற, நிலத்தோடு படுத்துக் கிடக்கிற இத்தாலிக்காரரின் மூடிய கார். கையில் ஓடாத டொயோட்டா கேஈ70 கொரோலா ஒன்று இருக்கிறது, அத்தானிடம் வெல்டிங் பிளான்ட் இருக்கிறது, திருகோணமலை உப்புவெளியில் வீட்டுக்குப் பின்னால் 20க்கு 12 அடிக் கொட்டில் ஒன்று இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். எது வடிவு என்று சொல்ல நான் தேவையில்லை, அதை உங்கள் கண்ணே சொல்லிவிடும். நீங்கள் உண்மையில் கேட்பது வேறு: அந்தக் கொட்டிலுக்குள், அந்தக் கொரோலாவை வைத்து, எந்த உருவத்தை உங்களால் கட்டி முடிக்க முடியும், முடித்ததை எங்கள் ஊர் வெயிலிலும் மாரியிலும் ஓட்ட முடியுமா என்பதுதான். அதற்குத்தான் பதில் எழுதுகிறேன். காரின் வெளிக்கூட்டை, கராஜில் சொல்கிற மாதிரி 'பொடி' (body) என்றே எழுதுகிறேன், மூக்குப்பொடி என்று யாரும் நினைக்க மாட்டீர்கள்.

நான் 27 வருடமாக ஃபைபர் படகு கட்டுகிறவன். 2004 சுனாமிக்குப் பிறகு கிழக்குக் கரை முழுக்கப் படகு வேலை பெருகிய காலத்தில் ஒரு நாளைக்கு ஒரு படகு மோல்டிலிருந்து (வார்ப்பு அச்சிலிருந்து) இறங்குகிற இடத்தில் நின்றிருக்கிறேன். இடையில் வான் பம்பர், லொறிக்குக் காற்று மூடி, ஓட்டோ மட்காட் என்று வாகன வேலையும் வரும். முழுக் கார்ப் பொடி என்று பார்த்தால் ஐந்துதான் செய்திருக்கிறேன். அதில் இரண்டு உருப்படவில்லை. ஆகவே ஃபைபர், மோல்ட், உருவம் பற்றி நான் சொல்வதைத் துணிந்து எடுக்கலாம். சேஸியின் (அடிச்சட்டத்தின்) பலம், சஸ்பென்ஷன் கோணம், பிரேக் ஆகியவை என் தொழில் இல்லை. அவற்றைத் தொடுகிற இடங்களில் நான் சொல்வது உங்களைக் கேள்வி கேட்கத் தூண்டுவதற்கு மட்டும். பதிலை அந்தத் துறை படித்த ஒருவரிடம் வாங்குங்கள்.

பொடிக்கு வர முன்னம் ஒரு விஷயம். கேஈ70க்குத் தனிச் சேஸி கிடையாது. தரை, தூண், கூரை எல்லாம் ஒரே கூடு, சேஸி நம்பர் அந்தக் கூட்டிலேயே அடித்திருக்கும். அந்தக் கூட்டை வெட்டி எறிந்துவிட்டு எஞ்சினையும் அச்சையும் மட்டும் எடுத்துப் புதுச் சேஸியில் பூட்டினால், பதிவுப் புத்தகத்தில் இருக்கிற கார் உலகத்தில் இல்லாமல் போகும். வீட்டில் கட்டிய வண்டியை வீதிக்குப் பதிவு செய்வது இங்கே லேசான காரியம் இல்லை. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் படத்தோடு போய்க் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிய பிறகே கிரைண்டரைக் கையில் எடுங்கள். வாய்ப் பேச்சில் யாராவது 'செய்யலாம், பார்த்துக்கொள்ளலாம்' என்றால் அதை நம்பி வெட்டவேண்டாம். முடியாது என்று சொன்னால் வண்டி தனிக் காணிக்குள்ளும் மூடிய மைதானத்திலும்தான் ஓடும். அது தெரிந்தே கட்டினால் மனம் நோகாது.

சரி, பொடி. முதன்முதல் கட்டுகிற எல்லோரும் வெளியிலிருந்து உள்ளே வருவார்கள். படத்தைப் பிடித்துக்கொண்டு அதற்குள் எஞ்சினையும் ஆளையும் திணிக்கப் பார்ப்பார்கள். படகில் அப்படிச் செய்தால் கடலில் இறக்கிய அன்றே தெரிந்துவிடும். காரில் தெரிய ஒரு வருடம் எடுக்கும், அதுதான் வித்தியாசம். உள்ளிருந்து வெளியே வாருங்கள். உங்களால் மாற்ற முடியாத நாலு சாமான் இருக்கிறது: இருக்கப்போகிற ஆள், எஞ்சின், முன் ஸ்ட்ரட், முன் கண்ணாடி. இந்த நாலும் எங்கே நிற்கின்றன என்று குறித்துவிட்டால் பொடியின் முக்கால்வாசி தானாகவே வரைந்துகொள்ளும்.

ஆளை அளப்பது லேசு. சீமெந்துத் தரையில் ஒரு பலகையைப் போட்டு, முதுகுக்கு இன்னொரு பலகையைச் சாய்த்து, காலை நீட்டி இருந்து பாருங்கள். கையில் ஒரு ஸ்டீரிங் வளையத்தைப் பிடியுங்கள். முழங்கால் எங்கே வருகிறது, கண் எந்த உயரத்தில் நிற்கிறது, முழங்கை எவ்வளவு அகலம் கேட்கிறது என்று அத்தானை அளக்கச் சொல்லுங்கள். பிறகு உங்கள் கூட்டாளிகளில் ஆக நெட்டையானவரையும் அதே பலகையில் இருத்துங்கள். இதை அளக்காமல் நான் செய்த முதல் பொடியில், சொந்தக்காரர் சப்பாத்தைக் கழற்றினால்தான் பிரேக்கை மிதிக்கலாம் என்ற நிலை வந்தது.

எஞ்சினுக்கு, உங்கள் 4கே எஞ்சினின் எண்ணெய்ச் சட்டியின் அடியிலிருந்து ஏர் கிளீனரின் தலை வரை அளவு எடுங்கள். ஏர் கிளீனர் பெட்டியை மாற்றித் தட்டையாக்கலாம், கார்புரேட்டரைக் குறைக்க முடியாது. சட்டியை நிலத்திலிருந்து எவ்வளவு தூக்கி வைக்கிறீர்களோ அந்த அளவுக்குப் பொனட்டும் ஏறும். எங்கள் ஊரில் ஒழுங்கைக்கு ஒழுங்கை வேகத் திட்டி இருப்பதால் சட்டிக்குக் கீழே 15 சென்டிமீட்டராவது விடுங்கள் என்பேன். இங்கிலாந்தில் இதைவிடத் தாழ்வாக ஓடுகிறார்களே என்று கேட்பீர்கள். அவர்கள் ஓடட்டும்.

இனி ஸ்ட்ரட். உங்கள் மூன்று படங்களையும் ஒன்றாகக் கவிழ்க்கிற சாமான் இதுதான், ஆனால் நீங்கள் எழுதியதில் இதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கேஈ70க்கு முன்னால் மக்பெர்சன் ஸ்ட்ரட். ஸ்பிரிங்கும் சொக் அப்சோபரும் ஒரே தடியாக நெட்டுக்கு நிற்கும், அதன் தலை டயருக்கு மேலே நன்றாக உயர்ந்து நிற்கும். 155 ரக 13 அங்குல டயரின் முழு உயரம் ஏறக்குறைய 58 சென்டிமீட்டர். ஸ்ட்ரட் தலை அதற்கு மேலே எவ்வளவு போகிறது என்று, கார் நாலு சில்லிலும் நிற்கும்போது, நிலத்திலிருந்து அளந்து பாருங்கள். அந்த இடத்தில் பொடி அதைவிடத் தாழ முடியாது. லோட்டஸ் செவனின் மூக்கு அவ்வளவு தாழ்வாக இருப்பதற்குக் காரணம் அதற்கு ஸ்ட்ரட் இல்லை, மேலும் கீழும் விஷ்போன் என்கிற கவட்டை வடிவக் கைகள். இங்கிலாந்தில் 1990களில் பழைய ஃபோர்ட் எஸ்கோர்ட்டை உடைத்துச் செவன் மாதிரி வண்டி கட்டுகிற பழக்கம் பரவியபோதும், எஸ்கோர்ட்டின் ஸ்ட்ரட்டை அப்படியே வைக்கவில்லை. புதிதாக விஷ்போன் செய்து பூட்டினார்கள். நீங்களும் செய்யலாம், ஆனால் அது வெல்டிங் பிளான்ட் இருக்கிறது என்பதற்காகச் செய்கிற வேலை இல்லை. அந்தக் கை உடைந்தால் சில்லு கழன்று போகும். ஸ்ட்ரட்டை வெட்டிக் குட்டையாக்கலாம் என்று சில கராஜ்களில் சொல்வார்கள். அதைப் பற்றி நான் நல்லதும் சொல்லமாட்டேன் கெட்டதும் சொல்லமாட்டேன், என் தொழில் இல்லை.

நாலாவது கண்ணாடி. பொடி முடிந்த பிறகு கண்ணாடி தேடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன், பாவம். வளைந்த முன் கண்ணாடியை வீட்டில் செய்ய முடியாது, ஒன்றே ஒன்று செய்துதரவும் யாரும் வரமாட்டார்கள். டெம்பர் செய்த கண்ணாடியை வெட்டவே முடியாது, வெட்டப் போனால் உப்புக்கல் மாதிரிக் கொட்டும். உங்களுக்கு இரண்டே வழி. ஏதாவது ஒரு காரின் லமினேட் கண்ணாடியை முதலில் வாங்கி வைத்துக்கொண்டு அதன் வளைவுக்கு ஏற்றபடி பொடியை வரையலாம். அல்லது தட்டைக் கண்ணாடி என்று முடிவெடுக்கலாம். தட்டையான லமினேட் கண்ணாடியைக் கடையில் அளவுக்கு வெட்டித் தருவார்கள், உடைந்தால் அடுத்த நாள் இன்னொன்று போடலாம். வைப்பர் முழுத் தொடுகையில் துடைக்கும். பெர்ஸ்பெக்ஸ் பிளாஸ்டிக் மலிவாயிற்றே என்று போகவேண்டாம். நிலாவெளிப் பக்கம் மணல் பறக்கிற காலத்தில் நாலு தரம் வைப்பர் போட்டால் கண்ணில் பூ விழுந்த மாதிரி ஆகிவிடும்.

இந்த நாலையும் மனதில் வைத்துக்கொண்டு உங்கள் படங்களைப் பாருங்கள். கோப்ராவின் கதை 1962இல் தொடங்குகிறது. அதற்கு அடியில் இருந்தது 1950களின் ஏசி ஏஸ் என்கிற கார், அலுமினியத் தகட்டைக் கையால் அடித்து உருட்டிய பொடி. நீங்கள் படத்தில் பார்த்து ஆசைப்படுகிற அந்தப் புடைத்த தொடை, 7 லீற்றர் எஞ்சினுக்கும் அதன் அகல டயருக்குமாக 1965இல் வந்தது. அந்தத் தொடைக்குள் 13 அங்குலச் சில்லை வைத்தால் யானைக்கு ஆட்டுக்கால் பூட்டின மாதிரி இருக்கும். கேலிக்குச் சொல்லவில்லை, பொடி என்பது சில்லுக்குப் போடுகிற சட்டை, சட்டையின் அளவு பிழைத்தால் எவ்வளவு நல்ல துணி என்றாலும் சரிவராது. இன்னொரு தொல்லை, அதில் தட்டையான இடமே இல்லை. எல்லாம் இரண்டு பக்கமும் வளைகிற வளைவு. மோல்ட் எடுப்பதற்கு அப்படி ஒரு மூல உருவை வழவழப்பாக முடிப்பது பெரிய வேலை. இடம் வலம் இரண்டும் ஒத்துவர வேண்டும். கையால் செய்கிறவனுக்கு வலது பக்கம் முடித்த பிறகு இடது பக்கத்தை அதே மாதிரிச் செய்வதுதான் நரகம்.

மூன்றாவது படத்து மூடிய கார், சுருக்கமாகச் சொன்னால், வேண்டாம். கதவு, பிணைச்சல், ரப்பர், ஏறி இறங்கும் கண்ணாடி, பின் கண்ணாடி, மழை ஒழுக்கு என்று ஒவ்வொன்றும் தனி வேலை. எஞ்சின் முதுகுக்குப் பின்னால் கொதிக்கும். வைகாசி வெயிலில் குளிரூட்டி இல்லாமல் அதற்குள் இருக்க முடியாது, குளிரூட்டி போட்டால் 60 குதிரைச் சக்தி எஞ்சினில் அது ஒரு பங்கைத் தின்னும். லம்போர்கினி கவுன்டாஷ் வகைக் கார்களின் கூரை நிலத்திலிருந்து 107 சென்டிமீட்டர்தான். கந்தளாய் ரோட்டில் லொறிக்குப் பக்கத்தில் போனால் லொறிக்காரருக்கு நீங்கள் தெரியவே மாட்டீர்கள். அதோடு உங்கள் கொரோலாவின் எஞ்சின் முன்னால் இருந்து பின் அச்சை ஓட்டுகிறது. அதை நடுவுக்குக் கொண்டுவருவது வேறு கார் கட்டுகிற வேலை.

மூடிய கார் காற்றைக் கிழித்துக்கொண்டு போகும், திறந்த கார் காற்றில் சிக்கும் என்று நீங்கள் எழுதியது உண்மைதான். செவனின் காற்றுத் தடைக் குணகம் 0.6க்கு மேல் என்பார்கள், 1966இல் வந்த லோட்டஸ் யூரோப்பா என்கிற மூடிய காருக்கு 0.29 என்று சொல்வார்கள். இந்த எண்கள் ஆளுக்கு ஆள் மாறும், ஆனால் இடைவெளி பெரியது என்பதில் சந்தேகம் இல்லை. அந்த இடைவெளி உங்களுக்கு எவ்வளவு முக்கியம் என்று கணக்குப் பார்ப்போம். காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும், அதற்குத் தேவையான சக்தி வேகத்தின் மூன்றாம் அடுக்கில் ஏறும். முன் பரப்பையும் சேர்த்து நான் போட்ட சுமாரான கணக்கில், 70 கிலோமீட்டர் வேகத்தில் திறந்த வண்டிக்குக் காற்றைத் தள்ள நாலரைக் குதிரைச் சக்தி போதும், நல்ல மூடிய வண்டிக்கு மூன்று. வித்தியாசம் ஒன்றரை. 100இல் 13க்கு 9. 160இல்தான் 54க்கு 37 என்று வாய் பிளக்கும். எங்கள் நாட்டில் ஊருக்கு வெளியே காருக்கு 70, அதிவேகப் பாதையில் 100. அதிவேகப் பாதை திருகோணமலைக்குக் கிட்டவும் இல்லை. ஒன்றரைக் குதிரைக்காக இரண்டு கதவு கட்டுவது வீண் என்பது என் கட்சி.

அப்படியானால் செவனா? உங்கள் மூன்றில் அதுதான் கிட்டே வருகிறது. 1957இல் அதை வரைந்த காலத்திலேயே வீட்டில் பூட்டுவதற்காகத்தான் வரைந்தார்கள். பக்கம் தட்டை, பொனட் ஒரு பக்கம் மட்டும் வளைகிற தகடு, கண்ணாடி தட்டை, கதவு என்று ஒன்றும் கிடையாது. இரண்டு பக்கமும் வளைகிற வேலை மூக்கிலும் மட்காட்டிலும் மட்டும்தான். ஒரு சதுரக் குழாய்க் கூட்டில் தகட்டைச் சுற்றி ரிவெட் அடித்தால் பாதிக் கார் வந்துவிடும். ஆனால் உங்கள் ஸ்ட்ரட் அதை அப்படியே எடுக்க விடாது. அதனால்தான் நீங்கள் போடாத நாலாவது படம் ஒன்றைப் பார்க்கச் சொல்கிறேன்: மேயர்ஸ் மாங்ஸ் என்கிற கடற்கரை வண்டி. 1964இல் கலிபோர்னியாவில் புரூஸ் மேயர்ஸ் கட்டினது. அந்த மனிசனும் என்னைப் போல ஃபைபர் படகு வேலைக்காரன், அதனால் எனக்கு ஒரு பட்சம் உண்டு, மறைக்கவில்லை. ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் அடித்தளத்தை வெட்டிக் குறுக்கி அதன் மேல் பூட்டுகிற பொடியாக அது பரவியது. அதை வெறும் விளையாட்டு வண்டி என்று பார்க்கவேண்டாம். மட்காட்டை உயர்த்திப் புடைக்க விட்டு, பொனட்டை நடுவில் தாழ்த்தி, விளிம்புகளை எல்லாம் உருட்டி மடித்திருக்கிறார். ஃபைபர் தட்டையாக இருந்தால் துணி மாதிரி ஆடும், வளைந்தால்தான் விறைக்கும். படகுக்காரனுக்கு அது கையில் தெரியும். மெல்லிய பொடி ஆடாமல் நிற்பதற்குக் காரணம் அந்த உருட்டல்கள்.

உங்கள் காருக்கு நான் வரைந்தால் இந்த இரண்டையும் கலப்பேன். ஆள் இருக்கிற நடுத் தொட்டி செவன் மாதிரி, தட்டைப் பக்கம், கதவில்லாமல் முழங்கைக்கு ஒரு வெட்டு. முன்னால் இரண்டு மட்காட்டும் தோள் மாதிரி உயர்ந்து ஸ்ட்ரட் தலையைத் தங்களுக்குள் மூடிக்கொள்ளும். இரண்டு தோளுக்கும் நடுவில் பொனட் தாழ்ந்து போகும், அதனால் ஓட்டுகிறவருக்கு ரோடு தெரியும், வண்டியும் உண்மையை விடத் தாழ்வாகத் தோன்றும். கார்புரேட்டர் இடித்தால் அந்த இடத்தில் மட்டும் ஒரு புடைப்பு. மூக்கு முன் சில்லைத் தாண்டி நீளக்கூடாது, நீண்டால் முதல் வேகத் திட்டியிலேயே கீழுதடு போய்விடும். விளக்குக்கு 7 அங்குல வட்ட விளக்கு, பழைய ஜீப்பில் இருக்கிறது, எந்த உதிரிப்பாகக் கடையிலும் கிடைக்கும். மூக்குக்குள் புகுந்த காற்று ரேடியேட்டரைச் சுற்றி ஓடிவிடாமல் நாலு பக்கமும் தகடும் ரப்பரும் வைத்து அடையுங்கள், வெளியே போகவும் வழி விடுங்கள். வாயைப் பெரிதாக வைத்துவிட்டு இந்த அடைப்பைச் செய்யாதவர்களின் வண்டிதான் கச்சான் காற்று அடிக்கிற வெக்கைக் காலத்தில் கொதிக்கும். மேலே கன்வஸ் கூரை ஒன்றைக் கழற்றிப் பூட்டுகிற மாதிரிச் செய்யுங்கள். மழைக்கு என்று நினைப்பீர்கள், அதைவிட வெயிலுக்குத்தான் அதிகம் தேவைப்படும்.

உருவம் பிடிபட்ட பிறகு கணினியில் வரைகிறதோ கடதாசியில் வரைகிறதோ உங்கள் விருப்பம். எப்படியும் ஒரு தரம் முழு அளவில் தரையில் வரைந்து பாருங்கள். படகுக்கு அப்படித்தான் செய்வோம். மெல்லிய நீளச் சட்டம் ஒன்றை ஆணிகளுக்கு நடுவில் வளைத்துக் கோடு இழுத்தால், சட்டம் வளைய மறுக்கிற இடம் கண்ணுக்கும் பிழையாகத்தான் தெரியும். பிறகு 30 சென்டிமீட்டருக்கு ஒன்றாகப் பிளைவுட்டில் குறுக்கு வெட்டு அறுத்து நிறுத்தி, இடையை நிரப்புங்கள். வலது பக்க வெட்டை அறுக்கும்போதே இரண்டு பலகையைச் சேர்த்துப் பிடித்து அறுத்தால் இடது பக்கம் தானாக வரும். நிரப்புவதற்கு ரெஜிபோம் (வெள்ளைப் பொலிஸ்டைரீன் ஃபோம்) மலிவு என்று வாங்கி அதன் மேல் பொலியஸ்டர் ரெசினை ஊற்றிவிடாதீர்கள். ரெசினில் இருக்கிற ஸ்டைரின் ரெஜிபோமைக் கரைத்துவிடும், கண் முன்னாலே குழி விழும். போலியூரித்தேன் ஃபோம் என்றால் பயமில்லை. கடதாசியில் மாதிரி உரு செய்தால் இரவில் கொட்டிலுக்குள் எடுத்து வையுங்கள். நான் ஒருமுறை மட்டை அட்டையில் முழு மூக்கும் வெட்டி வாசலில் வைத்துவிட்டுப் போனேன். காலையில் வந்து பார்த்தால் கோட்டைப் பக்கத்து மான்கள் பாதியைத் தின்றுவிட்டிருந்தன.

உருப்படாத இரண்டு பொடி என்றேனே, அதையும் சொல்கிறேன். ஒன்று, மூல உருவில் மூக்கின் கீழுதட்டை உள்ளே மடித்துவிட்டேன். மோல்ட் ஊற்றிக் காய்ந்த பிறகு அது கழலவில்லை. ஆப்பு வைத்தோம், தண்ணீர் அடித்தோம், கடைசியில் மூல உருவை உள்ளிருந்து கொத்தி எடுத்தோம், மோல்டும் வெடித்தது. இரண்டு மாத வேலை. எந்தப் பக்கமும் நேர் குத்தாக நிற்கக்கூடாது, இரண்டு மூன்று பாகையாவது வெளியே விரிய வேண்டும். உள்மடிப்பு வேண்டும் என்றால் மோல்டை அந்த இடத்தில் இரண்டாகப் பிரித்து விளிம்பு வைத்து ஆணி பூட்டுகிற மாதிரிச் செய்ய வேண்டும். ஒவ்வொரு வளைவையும் வரையும்போது 'இது எந்தப் பக்கமாக வெளியே வரும்' என்று உங்களையே கேளுங்கள்.

மற்றது நிறத்தால் கெட்டது. சொந்தக்காரர் கருநீலம் கேட்டார், கொடுத்தேன். முதல் கச்சான் காலம் முடிய அந்தப் பொடி முழுக்க ஃபைபர் மேட்டின் (கண்ணாடி நார்ப் பாயின்) நார் தடம் எழும்பி, அம்மைத் தழும்பு மாதிரி ஆகிவிட்டது. சாதாரணப் பொலியஸ்டர் 60, 70 பாகைச் செல்சியசில் இளகத் தொடங்கும். மத்தியான வெயிலில் கருநிறப் பொடியின் தோல் அந்த அளவைத் தொட்டுவிடும். வெள்ளை அந்த அளவுக்குச் சூடாவதில்லை. படகெல்லாம் வெள்ளையும் இளநீலமுமாக இருப்பது சும்மா இல்லை. உங்களுக்குச் சிவப்பு ஆசை என்றால் மூக்கில் ஒரு பட்டை போடுங்கள்.

ஊற்றுகிற கணக்கு இப்படி. வெளித்தோலாக வருகிற ஜெல்கோட் பூச்சு அரை மில்லிமீட்டர், அதற்குப் பின்னால் 450 கிராம் மேட் இரண்டு மடிப்பு. ஒரு மடிப்பு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் தடிப்புத் தரும். மேட்டின் எடையைப் போல இரண்டு, இரண்டரை மடங்கு ரெசின். அதற்கு மேல் ஊற்றினால் பாரமும் வெடிப்பும்தான் கூடும், பலம் கூடாது. மூக்கு, பொனட், நாலு மட்காட், டாஷ் மேல்மூடி எல்லாம் சேர்த்து 8 சதுர மீட்டர் என்று வைத்தால் 30 கிலோவுக்குள் அடங்கும். பிணைச்சல், ஆணி, விளக்கு பூட்டுகிற இடங்களில் மட்டும் இன்னும் இரண்டு மடிப்பு. மோல்ட் இதைவிட மூன்று மடங்கு தடிப்பாக இருக்க வேண்டும், அதன் முதுகில் மரச்சட்டமும் வேண்டும், இல்லாவிட்டால் மோல்ட் முறுகி, பொடியும் முறுகும். ரெசினை இறுக வைக்கிற ஹார்ட்னர் நூற்றுக்கு ஒன்றிலிருந்து இரண்டு வரை. எங்கள் சூட்டில் ஒன்றே போதும், அதுவும் விடியற்காலையில் வேலை செய்யுங்கள், பத்து மணிக்கு மேல் வாளிக்குள்ளேயே இறுகிப் புகையும். இறுகலை விரைவாக்குகிற கோபால்ட்டையும் ஹார்ட்னரையும் ஒருபோதும் நேருக்கு நேர் கலக்கவேண்டாம், வெடிக்கும். ஒன்றை ரெசினில் முழுவதும் கலக்கிய பிறகே மற்றது. ஹார்ட்னர் ஒரு துளி கண்ணில் பட்டால் பார்வை போகலாம், கண்ணாடி போடாமல் மூடியையே திறக்கவேண்டாம்.

ஒரு பொடிக்கு மட்டும் மோல்ட் தேவையா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, தொழிற்காரரிடையே இதில் ஒரு முடிவு கிடையாது. போலியூரித்தேன் ஃபோமிலே நேராக உருச் செதுக்கி அதன் மேல் ஃபைபர் போர்த்தி, வெளிப்புறத்தைப் புட்டி தேய்த்து முடிக்கலாம். மோல்டுக்கான காசு மிச்சம், தேய்க்கிற வேலை இரண்டு மடங்கு. மட்காட் இடிபட்டால் புதிதாக ஊற்ற முடியாது, எங்கள் ரோட்டில் மாடும் நாயும் குறுக்கே வருவது தெரியும்தானே. நான் மூக்குக்கும் மட்காட்டுக்கும் மோல்ட் செய்வேன், டாஷ் மேல்மூடிக்குச் செய்யமாட்டேன்.

தொட்டியின் பக்கத் தகடு பற்றி எனக்கே தெளிவில்லாத ஒரு இடம் உண்டு. செவன்காரர்கள் 1.2 மில்லிமீட்டர் அலுமினியம் போடுகிறார்கள். உப்புவெளியில் உங்கள் வீடு கடலுக்கு எவ்வளவு கிட்ட என்று தெரியாது, ஆனால் உப்புக் காற்றில் அலுமினியமும் இரும்பும் நேராகத் தொட்டுக்கொண்டு இருந்தால் அலுமினியம் வெள்ளைப் பூப் பூத்துத் தின்னப்படும், அது நிச்சயம். இடையில் சீலன்ட்டோ பட்டியோ வைத்துத் தடுக்கலாம். எத்தனை வருடம் அது காப்பாற்றும் என்று என் கையில் அனுபவம் இல்லை, நான் பக்கத்தையும் ஃபைபரிலேயே செய்கிறவன். ஆனால் ஒரு எஞ்சினியர், குழாய்க் கூட்டின் விறைப்பில் தகட்டுக்கும் பங்கு உண்டு என்று எனக்குச் சொல்லியிருக்கிறார். அது உங்கள் சேஸிக்கும் பொருந்துமா என்று அதை வரைகிறவரிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். பின்னால் ஒரு இறக்கை வைக்கலாமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். 70இல் அது துணி காயப்போடத்தான் உதவும்.

இப்போதைக்குச் செய்யவேண்டியது ஒன்றுதான். கொரோலாவை மட்டமான தரையில் நிறுத்தி, நாலு டயருக்கும் சரியாகக் காற்றடித்து, இரண்டு பேரை ஏற்றி இருத்திவிட்டு, நிலத்திலிருந்து ஸ்ட்ரட் தலைக்கு வலதும் இடதும் அளந்து போடுங்கள். இரண்டு எண்ணும் ஒத்துவராவிட்டால் ஸ்பிரிங் ஒன்று இறங்கியிருக்கிறது, அதைச் சரிசெய்துவிட்டுத் திரும்ப அளந்து பாருங்கள். அந்த எண் வந்தால் மட்காட்டின் தோள் எங்கே நிற்கும் என்று பக்கவாட்டுக் கோடு ஒன்றை நான் கீறி அனுப்புகிறேன்.